பன்னாட்டு வணிகவியல்: ஒரு பாடத்தின் வரலாறு

நாடுகளுக்கிடையே சரக்கும் சேவையும் ஏன் கைமாறுகின்றன, எந்த விதிப்படி, எந்தத் தாள்களைக் கொண்டு கைமாறுகின்றன என்று கற்பிக்கும் படிப்பு பன்னாட்டு வணிகவியல். இன்று 'ஏன்' என்பதைப் பொருளியல் துறையும் 'எப்படி' என்பதை வணிகவியல் துறையும் பிரித்துக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் இரண்டும் ஒருவரிடமே இருந்தன.

தாமஸ் மன் அப்படிப்பட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். மிளகும் துணியும் வாங்குவதற்காக இங்கிலாந்தின் வெள்ளியைக் கம்பெனி கப்பலேற்றி அனுப்புகிறது என்று எழுந்த கூச்சலுக்கு 1621-இல் நூலெழுதி விடை சொன்னார். கீழை நாட்டுச் சரக்கை ஐரோப்பாவில் மறுபடி விற்றால் போன வெள்ளியைவிட அதிகம் திரும்பும் என்பது அவர் வாதம். ஏற்றுமதி எப்போதும் இறக்குமதியை மிஞ்ச வேண்டும் என்ற அந்தக் கால நம்பிக்கையை 1776-இல் ஆடம் ஸ்மித் உடைத்தார். இந்தப் பாடம் வகுப்பறைக்கு வந்ததிலும் கம்பெனிக்குப் பங்குண்டு. இந்தியாவுக்கு அனுப்பவிருந்த இளைஞர்களுக்காக அது தொடங்கிய கல்லூரிக்கு 1805-இல் பொருளியலாளர் மால்தஸ் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்.

எந்த ஊரில் படித்தாலும் மாணவர் முதலில் சந்திப்பது டேவிட் ரிக்கார்டோவின் 1817-ஆம் ஆண்டுக் கணக்கைத்தான். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேர் உழைக்க வேண்டும். அதற்கு ஈடான ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. ஆனாலும் ஒயினை மட்டும் செய்து துணியை வெளியே வாங்கினால், 80 பேர் உழைப்பைக் கொடுத்து 90 பேர் உழைப்பின் பலனை அது பெறுகிறது. இங்கிலாந்துக்கு 20 பேர் உழைப்பு மிச்சம். இதுவே ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு.

இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் அவ்விரு நாட்டு வணிகத்துக்குப் பின்னால் 1703-இன் மெத்துவன் ஒப்பந்தம் இருந்தது. ஆங்கிலக் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் சந்தை திறந்தது. போர்ச்சுகல் ஒயினுக்கான வரி, பிரெஞ்சு ஒயினுக்கு விதித்த வரியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதைச் சொல்லாமல் எண்களை மட்டும் கற்பிப்பது அரைப்பாடம்.

ரிக்கார்டோவோடு வாதாடியே பாடம் வளர்ந்தது. வளரும் தொழிலுக்குக் காப்புவரி தேவை என்றார் ஃப்ரீட்ரிக் லிஸ்ட் (1841). மூலதனம் மிகுந்த நாடு மூலதனம் மிகுதியாக வேண்டிய சரக்கையே ஏற்றுமதி செய்யும் என்றனர் ஹெக்‌ஷரும் ஓலினும். 1953-இல் லியோன்டிஃப் அமெரிக்கப் புள்ளிவிவரத்தைச் சோதித்தபோது தலைகீழான விடை வந்தது. ஜகதீஷ் பகவதி 1958-இல் காட்டியதை இந்திய மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்: ஏற்றுமதிச் சரக்கு பெருகிப் பெருகி உலக விலையைச் சரித்தால், உற்பத்தி கூடியும் நாடு ஏழையாகலாம்.

தாள்களைப் பற்றிய பாடம் பின்னர் விரிந்தது. பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சங்கம் 1936-இல் 'இன்கோடெர்ம்ஸ்' விதிகளை வெளியிட்டது. அவற்றில் எஃப்.ஓ.பி. என்றால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலேறியதும் விற்பவரின் பொறுப்பு முடிந்தது. சி.ஐ.எஃப். என்றால் சேரும் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் அவருடையவை. ஆனால் சேதமானால் யார் தலையில் விழும் என்ற பொறுப்பு கப்பலேறும்போதே வாங்குபவருக்கு மாறிவிடும். குழப்பம் தரும் இடம் இது. சரக்குக்கு 6 இலக்க எண் தரும் எச்.எஸ். முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது; பின்னலாடைக்கு 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்த ஆடைக்கு 62.

இந்தியாவில் இந்தப் பாடத்துக்கென்றே 1963-இல் தில்லியில் இந்திய அயல்நாட்டு வணிக நிறுவனம் தொடங்கப்பட்டது. ஏட்டுக்கு வெளியே திருப்பூரும் ஒரு பள்ளிதான். 1974 முதல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முறையோடு மல்லுக்கட்டியே அவ்வூர் ஏற்றுமதியாளர்கள் விதிகளைக் கற்றார்கள். 2005 ஜனவரி 1-இல் கோட்டா ஒழிந்தது.

1995-இல் பிறந்த உலக வணிக அமைப்பின் தகராறு தீர்க்கும் முறையைப் பாடநூல்கள் பெருமையாகச் சொல்லும். அதன் மேல்முறையீட்டு அமர்வுக்குப் புதியவர்களை அமர்த்த அமெரிக்கா உடன்படாததால், 2019 டிசம்பரிலிருந்து அது முடங்கிக் கிடக்கிறது. பாடத்திட்டம் வகுப்போர் இதையும் மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.