நீண்டகரையின் பனிக்கட்டியும் அரபிக்கடலின் வெப்பமும்

1952 அக்டோபர் 17 அன்று இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை ஆகிய கடலோர ஊர்களுக்கு இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் வந்தது. அதன் வரலாறு பெரும்பாலும் இயந்திரப் படகுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உடன்வந்த ஐஸ் ஆலைக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பதில்லை.

அதுவரை இக்கரையில் மிகுதியான மீன் உப்பிடப்பட்டது. இறால் உலர்த்தப்பட்டுப் பர்மாவுக்குப் போனது. பனிக்கட்டியின் துணையால் உள்நாட்டு மக்களுக்குப் புதுமீன் கிடைக்கும் என்பது திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் 1953இலேயே கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பனிக்கட்டி இறாலின் பின்னே சென்றது. உள்ளூர் உணவுக்கென வகுத்த திட்டம் ஏற்றுமதிக்குத் திரும்பிய கதையைப் பொருளியலறிஞர் ஜான் குரியன் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. குளிரூட்டும் எந்திரம் கரையிலேயே நின்றது; படகு நொறுக்கிய ஐஸை மட்டுமே சுமந்தது. கரையிலிருந்த ஆலைகளோ, 1870களில் கார்ல் வான் லிண்டே செம்மைப்படுத்திய அம்மோனியா முறையைப் பின்பற்றியவை. அம்மோனியா நச்சுத்தன்மை உடையதுதான். ஆயினும் அது ஓசோனையும் சிதைப்பதில்லை, புவியையும் சூடாக்குவதில்லை. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் ஆர்-22 என்னும் வாயுவுக்கு மாறியபோது, கேரளப் படகுகளுள் பெரும்பாலானவை வறுமையின் காரணமாகவே அக்கட்டத்தைத் தாண்டிவிட்டன. அவ்வாயு கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,800 மடங்கு வெப்பமூட்டவல்லது. எஞ்சின் அதிர்விலும் உப்புநீர் அரிப்பிலும் கப்பற்குழாய்கள் கசிவது வழக்கம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளுக்கு ஐஸ் பெருஞ்சுமை. அது மீன் அறையின் இடத்தையும் டீசலையும் தின்கிறது. உருகியபின் முதல்நாள் மீனின் தரத்தையும் கெடுக்கிறது. ஆகவே படகிலேயே எந்திரம் வேண்டும் என்னும் விருப்பம் எழுகிறது. எந்த வாயுவைக் கொண்டு என்பதே வினா. மான்ட்ரியால் உடன்படிக்கையின் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. அதன்படி 2047க்குள் ஹைட்ரோஃபுளோரோகார்பன்களை 85 விழுக்காடு குறைக்கவேண்டும்.

விடையாக முன்வைக்கப்படும் கரியமில வாயுவும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இறைச்சிக் கப்பல்கள் அதனால் இயங்கின. 31 பாகை செல்சியசுக்கு மேல் அது திரவமாகாது. வெப்பமண்டலக் கடல்களில் அவ்வெந்திரங்கள் திணறின. அக்குறையும் ஃப்ரியானின் எளிமையும் சேர்ந்து அதனைப் புறந்தள்ளின. 1980களின் இறுதியில் அதனை மீட்டெடுத்தவர் ட்ரோன்ட்ஹெய்மின் குஸ்தாவ் லோரன்ட்சன். திரவமாகாத நிலையிலும் அழுத்தத்தைச் சீராக ஆண்டு குளிரூட்டலாம் என்று காட்டினார். நீண்டகரைக்கு ஐஸ் ஆலை கொடுத்த நாட்டவரே அவரும் என்பது வரலாற்றின் தற்செயல். நார்வே ஆய்வாளர்களுடன் சென்னை ஐஐடி இந்திய வெப்பநிலைக்கேற்ற கரியமில வாயு எந்திரங்களைச் சோதித்துவருகிறது. அரபிக்கடலின் மேற்பரப்பு நீரோ கோடையில் 30 பாகையைத் தொடுகிறது. பழைய கப்பல்களைத் தோற்கடித்ததும் அதே வெப்பம்தான்.

விடியலில் போய் அன்றே திரும்பும் சிறு வள்ளங்களுக்கு இவ்விவாதம் எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு இன்றும் கரையின் ஐஸ்தான், அதுவும் ஆலைக்காரர் சொல்லும் விலையில்.