துணியின் பெயரில் இல்லாதவர்கள்

தோழர்களே, துணிகளின் பெயர்களைக் கவனியுங்கள். கோழிக்கோட்டின் பெயரால் காலிகோ. மும்பையின் டோங்கிரியிலிருந்து டங்கரி. நம் மெட்ராஸின் பெயரால் மெட்ராஸ் செக். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் பெயரில் இடமுண்டு. உழைத்த கைக்கு இல்லை.

டங்கரிக்குப் பெயர் தந்த அதே மும்பையில் பின்னாளில் பஞ்சாலைகள் எழுந்தன. கூலி கூடுதலான தறிப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு வேலை மறுக்கப்பட்டது. நாடாவில் ஊடை நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அவர்கள் எச்சில் தீட்டாம்! நூற்புப் பிரிவில் அவர்கள் கைபட்ட நூலோ எல்லார் உடம்பிலும் ஏறியது. 1928 வேலைநிறுத்தத்தின்போது, தறிப் பிரிவைத் திறந்துவிடக் கோரினார் அம்பேத்கர்.

துணியின் வரலாற்றைப் பெயரோடு முடிக்காதீர்கள். தறியைத் தொட விடாமல் தடுக்கப்பட்டவர் யாரென்றும் கேளுங்கள்.