லினக்ஸ் சர்வரின் லாக் கோப்புகளை வாசித்தல்

லினக்ஸ் சர்வரில் கெர்னலும் பின்னணியில் ஓடும் சேவைகளும் தம் செயல்களை நேரத்தோடு எழுதிவைக்கும் இடமே லாக் கோப்பு. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தமது சென்ட்மெயில் அஞ்சல் நிரலுக்காக எழுதிய சிஸ்லாக் என்னும் பதிவு முறை, பிற நிரல்களும் எடுத்துக்கொண்டதால் யுனிக்ஸ் உலகின் பொதுவழக்கானது. 2009இல் ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் அதை முறைப்படி வரையறுத்தது. ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர எண் உண்டு. எண் குறையக் குறைய நிலைமை மோசம். அதற்கு முந்தைய பழைய வடிவத்தின் நேரக்குறிப்பில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. இரண்டு சர்வர்களின் வரிகளை ஒப்பிடுகிறவர் முதலில் அவற்றின் கடிகாரங்களை ஒப்பிட்டாக வேண்டும்.

லாக் வாசிப்பு என்றால் ‘எரர்’ என்ற சொல்லைத் தேடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் லாக் வரி என்பது ஒரு நிரல் தன் கண்ணில் பட்டதைச் சொல்லும் வாக்குமூலம் மட்டுமே. ஒரே நேரத்தைச் சுற்றிப் பல நிரல்கள் சொன்னதைச் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது புலப்படும். நினைவகம் தீர்ந்துபோன சர்வரில் மைஎஸ்கியூஎல் திடீரென நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அதன் லாக்கில் சாவுக்கான காரணம் இருக்காது. நினைவகத்தை விடுவிக்க ஒரு நிரலைக் கொல்லக் கெர்னல் அனுப்பும் ‘சிக்கில்’ சிக்னலை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது, ஆகவே கடைசி வார்த்தை எழுத அவகாசமே இல்லை. அடுத்த வரி மறுதொடக்கத்தினுடையதாகவே இருக்கும். காரணம் கெர்னல் லாக்கில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று கிடக்கும். அங்கேயும் அவசரம் கூடாது. அந்த வரி சொல்வது பலியானவரின் பெயரை. கெர்னல் பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருப்பதையே கொல்லும். அதற்குமேல் அச்சாகியிருக்கும் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தால், அளவுமீறிப் பெருகிய பிஎச்பி செயல்முறைகளே உண்மைக் குற்றவாளி என்று தெரியவரலாம்.

தீவிர எண் இருக்கும்போது 3க்கு மேற்பட்ட எண்களை வடிகட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அந்த எண்ணைத் தீர்மானிப்பது நிரலை எழுதியவர், சர்வரைக் காப்பவர் அல்லர். எஸ்எஸ்எச் சேவையில் தவறான கடவுச்சொல்லும் வெற்றிகரமான நுழைவும் ஒரே ‘இன்ஃபோ’ நிலையில், அதாவது 6இல், பதிவாகின்றன. இரவெல்லாம் நடந்த கடவுச்சொல் ஊகிப்பும், அதன் முடிவில் ஒருவர் உள்ளே வந்ததும் அந்த வடிகட்டியில் ஒருங்கே மறைந்துபோகும். எச்சரிக்கைக் கருவிகள் பயனுள்ளவைதாம். ஆனால் அவை பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் தெரிந்த கோளாறையே பிடிக்கும்.

லாக்கில் இல்லாததால் நடக்கவில்லை என்று வாதிடுவதும் செல்லாது. சிஸ்டம்டி ஜர்னல், ஒரு சேவை குறுகிய நேரத்தில் வரம்பு மீறி எழுதினால் மிஞ்சிய செய்திகளைக் கைவிட்டு, எத்தனை கைவிடப்பட்டன என்பதை மட்டும் குறித்துவைக்கும். லாக்ரொட்டேட் கருவி பழைய கோப்புகளைக் காலமுறைப்படி அழிக்கும். ரூட் அதிகாரம் பெற்ற ஊடுருவி தன் தடத்தைத் தானே துடைத்துவிடலாம். அதனால்தான் வரிகளை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்புகிறார்கள். யுடிபி போர்ட் 514 வழியாக அனுப்பினால் வழியில் தொலைந்த பொதிகளை யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை, டிசிபியே மேல்.