14 வயது மகன்... கூட அம்மா மட்டும்! எந்தக் கழிப்பறைக்குப் போவது? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேருந்து நிலையத்தில் நல்ல கூட்டம். "அம்மா, பாத்ரூம்" என்கிறான் மகன். வயது 14. ஆட்டிசம் இருக்கிறது. பேன்ட் பட்டனைத் தானாகக் கழற்றத் தெரியாது, கழுவிக்கொள்ளவும் தெரியாது. இந்தப் பக்கம் 'ஆண்கள்', அந்தப் பக்கம் 'பெண்கள்'. அம்மா எந்த வாசலில் நுழைவது?

மகன் இடுப்பு உயரம் இருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தோளுக்கு மேல் வளர்ந்ததும், "இவ்ளோ பெரிய பையனை இங்க ஏன்மா கூட்டிட்டு வர்றீங்க?" என்ற குரல் வரத் தொடங்குகிறது. மகளோடு தனியாகப் பயணம் செய்யும் அப்பாவுக்கு இந்தச் சிக்கல் இன்னும் முன்பே வந்துவிடுகிறது.

இதற்குப் பயந்தே வெளியூர்ப் பயணத்தைத் தவிர்ப்பவர்கள் உண்டு. கிளம்பும் முன் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் அழைத்துப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்வது சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் வரை கொண்டுபோய் விடலாம். சரி, சட்டம் என்ன சொல்கிறது? நடைமுறையில் என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

சட்டத்தில் வயது வரம்பு இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 'இத்தனை வயது வரைதான் எதிர்பாலினப் பெற்றோர் கழிப்பறைக்குள் உதவலாம்' என்று அதில் எங்குமே இல்லை. மாறாக, பெற்றோரையும் 'பராமரிப்பாளர்' என்றே அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

அதற்காக, எந்தக் கழிப்பறைக்குள்ளும் யாரும் நுழையலாம் என்று அர்த்தமில்லை. உதாரணமாக, ரயில்வே சட்டம் 1989-ன் 162-வது பிரிவு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அறைகளில் ஆண்கள் நுழைவதைத் தடுக்கிறது. ஆனால் அதிலும் 'சட்டப்படி ஏற்கத்தக்க காரணம் இல்லாமல்' நுழைந்தால்தான் குற்றம். எனவே, காரணத்தை முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுவது பெற்றோருக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது கதவு எங்கே?

உண்மையான தீர்வு ஆண்கள் பக்கமும் இல்லை, பெண்கள் பக்கமும் இல்லை. இரண்டுக்கும் வெளியே, தனி வாசலோடு இருக்க வேண்டிய மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறைதான் அது.

மத்திய அரசின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 2021-ல் வெளியாகின. சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு, 2,200-க்கு 2,000 மில்லிமீட்டர் உள் அளவு, கைப்பிடிக் கம்பிகள், வெளிப்பக்கம் திறக்கும் அல்லது நகர்த்தித் திறக்கும் கதவு என்று இந்தக் கழிப்பறைக்கான அளவுகள் இருக்கின்றன. இருபாலரும் பயன்படுத்தும்படி இருந்தால்தான் மனைவிக்குக் கணவரும், மகனுக்கு அம்மாவும் உள்ளே போய் உதவ முடியும்.

ஆனால் பல கட்டடங்களில் என்ன நடக்கிறது? லேடீஸ் டாய்லெட்டுக்கு உள்ளே ஒன்று, ஜென்ட்ஸ் டாய்லெட்டுக்கு உள்ளே ஒன்று என்று கட்டிவிடுகிறார்கள். கணக்குக்கு இரண்டு இருக்கும். மகனோடு வரும் அம்மாவுக்கோ, மகளோடு வரும் அப்பாவுக்கோ இரண்டும் உதவாது.

'பையன் நல்லாத்தானே நடக்கிறான்?'

அந்தக் கதவில் சக்கர நாற்காலி படம் இருப்பதால் வரும் கேள்வி இது. குறைபாடு எல்லாமே வெளியே தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஓடும், குதிக்கும். ஆனால் கை உலர்த்தும் மெஷின் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறலாம், உடையைச் சரிசெய்ய முடியாமல் நிற்கலாம். 21 வகையில் எதுவாக இருந்தாலும், அந்தக் கழிப்பறை உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தயங்காமல் கேளுங்கள்.

அரசு வழங்கும் யுடிஐடி அட்டையை போட்டோ எடுத்து மொபைலில் வைத்திருங்கள். அதைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பதில்லை. வாக்குவாதம் வளராமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

பூட்டு போட்டிருந்தால்?

பலரும் சந்திப்பது இதைத்தான். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் உள்ளே மாப், பக்கெட், உடைந்த நாற்காலி இருக்கும். பிள்ளைக்கு அவசரம் வந்த பிறகு சாவி தேட முடியாது. அதனால் ரயில் நிலையமோ, மாலோ, மருத்துவமனையோ, போய் இறங்கியதும் முதல் வேலையாக அந்தக் கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கதவே இல்லாத இடத்தில்?

அம்மா - மகன்: வாசலில் இருக்கும் ஊழியரிடம் முதலில் சொல்லுங்கள். "அக்கா, இவனுக்கு உதவி இல்லாம முடியாது. ரெண்டு நிமிஷம்தான்" என்றால் போதும். முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. நேராக ஒரு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளுங்கள். கை கழுவுவதை வெளியே வந்துகூடப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா - மகள்: அப்பா லேடீஸ் டாய்லெட்டுக்குள் போவது மற்ற பெண்களுக்குச் சங்கடம், அவருக்கும் சிக்கல். பெண் ஊழியர் இருந்தால், உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் வாசலில் நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். இல்லையென்றால், ஜென்ட்ஸ் டாய்லெட்டில் மூடிய அறை காலியாக இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பாருங்கள். பிறகு மகளைச் சுவர்ப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

'நான் கூட்டிட்டுப் போறேன் சார்' என்று தெரியாத ஒருவர் சொன்னால், நல்ல மனசாகவே இருந்தாலும் பிள்ளையை உள்ளே தனியாக அனுப்ப வேண்டாம்.

தனியாக அனுப்பலாமா?

ஓரளவு தானாகச் செய்யும் பிள்ளைக்குப் பழக்கம் வர வேண்டும்தான். வீட்டில், பிறகு பள்ளியில், பிறகு கூட்டமில்லாத பொது இடத்தில் என்று படிப்படியாகப் போகலாம். நீங்கள் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பதில் வரவில்லை என்றால் ஊழியரையோ, உள்ளே இருப்பவர்களையோ கூப்பிடுங்கள்.

நடந்ததைத் திருப்பிச் சொல்ல முடியாத பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் பாலியல் குற்றத்தை போக்சோ சட்டம் 2012 கடுமையான வகைக் குற்றமாகவே பார்க்கிறது. ஆண் குழந்தைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

பையில் என்ன இருக்கணும்?

ஒரு செட் மாற்றுடை, ஈரத் துடைப்பான், தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அழுக்குத் துணிக்கு ஒரு கவர், சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை என்றால் காது மூடி. டயப்பர் போடும் பெரிய பிள்ளைகளுக்கு அந்த விரிப்பு ரொம்ப முக்கியம். ஏனென்றால், குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றும் பலகை இருக்கிற மாலில்கூட 12 வயதுப் பிள்ளையைப் படுக்க வைக்க இடம் இருப்பதில்லை.

பிரிட்டனில் இதற்காகவே 2006-ல் 'சேஞ்சிங் பிளேசஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. பெரியவர்களையும் படுக்க வைத்து உடை மாற்றும் மேடை, தூக்கி வைக்கும் கருவி எல்லாம் உள்ள பெரிய கழிப்பறைகள் இவை. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்படும் குறிப்பிட்ட பெரிய பொதுக் கட்டடங்களில் 2021 முதல் இது கட்டாயம்.

யாரிடம் புகார் செய்யலாம்?

நம் ஊர்ச் சட்டத்திலும் பல் இருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும் இதில் அடங்கும். பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க, 2017-ல் விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதுவும் 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பூட்டிய கழிப்பறையை போட்டோ எடுங்கள். தேதி, இடம் குறித்துக்கொள்ளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். ரயில் நிலையம் என்றால் 139-ஐ அழைக்கலாம். மாற்றுத்திறனாளியை எல்லோர் முன்னாலும் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

லேடீஸ் டாய்லெட்டில் வளர்ந்த பையனைப் பார்க்கும் இளம்பெண்ணுக்குக் கூச்சம் வருவது இயல்பு, அது தப்பில்லை. அவருக்கும் அந்த அம்மாவுக்கும் சண்டை மூட்டிவிடுவது, திறந்திருக்க வேண்டிய மூன்றாவது கதவு பூட்டியிருப்பதுதான். அடுத்த முறை அப்படி ஒரு அம்மாவைப் பார்த்தால், முறைக்காமல் வரிசையில் வழி விடுங்கள். முடிந்தால், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்காக நீங்கள் போய்க் கேளுங்கள்.