வேதாளைக் கடற்போரும் நல்லூரின் வீழ்ச்சியும்

நல்லூர் இராசதானியின் வீழ்ச்சியை ஆராய்வோர் பொதுவாக 1619ஆம் ஆண்டையே மையமாகக் கொள்வர். பிலிப் டி ஒலிவேராவின் படையெடுப்பும் சங்கிலி குமாரனின் தோல்வியும் அரசுரிமைப் பூசலும் அதற்குரிய காரணங்களாகக் காட்டப்படுகின்றன. ஆயினும், எண்பத்தோராண்டுகளுக்கு முன்னர், மன்னார்க் குடாவின் வடகரையில், மண்டபத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் நிகழ்ந்த கடற்போரிலிருந்தே இவ்வீழ்ச்சியின் வரலாறு தொடங்குகின்றது எனலாம்.

ஆரியச் சக்கரவர்த்திகள் ஒருகாலத்தில் கடல்வலிமை மிக்கவராயிருந்தனர். 1344இல் ஈழத்துக்கு வந்த இபுன் பதூதா, அவ்வரசருடைய கலங்கள் நூறளவில் சோழமண்டலக் கரையில் நின்றதைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். பதினாறாம் நூற்றாண்டிலோ இக்கடலில் இரு சக்திகளே எதிர்நின்றன. ஒன்று போர்த்துக்கேயர், மற்றது கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைக்குத் தலைமைதாங்கிய மரைக்காயர்.

முத்துக்குளிப்பு உரிமை குறித்து முஸ்லிம்களோடு முரண்பட்ட பரதவர், 1535ஐ அடுத்த ஆண்டுகளில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். ஈழத்திலோ, கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு போர்த்துக்கேயரைச் சார்ந்திருக்க, அவன் தம்பியான சீதாவாக்கை மாயாதுன்னை சாமூதிரியின் துணையை வேண்டினான். அவனுக்கு உதவுமாறு பட்டு மரைக்காயர் முதலியோரின் தலைமையில் சுமார் ஐம்பது கலங்கள் புறப்பட்டு, வேதாளைக் கரையில் தங்கின. 1538இன் தொடக்கத்தில், ஆழங்குறைந்த அக்கடலுக்கேற்ற துடுப்புக் கலங்களில் ஏறத்தாழ 600 வீரருடன் வந்த மார்த்தீன் அபோன்சோ டி சூசா, அவற்றை எதிர்பாராவகையில் தாக்கினான். தொகையில் மிகுந்திருந்தும் மரைக்காயர் படை சிதறியது. கலங்களும் பீரங்கிகளும் போர்த்துக்கேயர் வசமாயின. மறுஆண்டு மாயாதுன்னை போர்த்துக்கேயருடன் சமாதானஞ் செய்யவேண்டியவனானான்; அவனுக்குத் துணைவந்த மரைக்காயத் தலைவர்களின் தலைகளே அச்சமாதானத்தின் விலையாயின.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் இப்போரினைச் சிலுவையின் வெற்றியாகப் போற்றினர். மலையாளக்கரை அறிஞரான செய்னுத்தீன் மக்தூமோ போர்த்துக்கேயருக்கெதிரான போராட்டத்தைப் புனிதப் போராகக் கண்டு, தமது 'துஹ்பதுல் முஜாஹிதீன்' நூலை இயற்றினார். எனினும், முஸ்லிம் தளபதிகளை அனுப்பியவன் ஓர் இந்து மன்னன். அவர்கள் உதவச்சென்றது ஒரு பௌத்த அரசனுக்கு. கிறித்தவர் காத்துநின்றதும் மற்றொரு பௌத்த அரசனையே. சமயம் இருதரப்பு வீரருக்கும் உறுதியளித்தது என்பது மெய்யே. ஆயின், அணிகளை வகுத்தவை முத்தும் கறுவாவும் கடல்வழியுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதன் விளைவு நல்லூரைச் சார விரைவிலேயே வந்தது. வேதாளையில் வென்ற அதே சூசா, 1543இல் கோவையின் ஆளுநனாகக் கடற்படையுடன் வந்தபோது, முதலாம் சங்கிலி திறைசெலுத்த உடன்பட்டான். 1560இல் கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா நல்லூரைக் கைப்பற்றினான். மக்களின் எதிர்ப்பினால் அவன் நல்லூரில் நிலைக்கமுடியவில்லை; ஆயினும் மன்னாரில் கோட்டை எழுந்தது. இராசதானி மீண்டது, ஆனால் கடல்வாயில் மீளவில்லை.

அவ்வாயிலை மீட்கும் முயற்சியில் நல்லூர் மன்னனும் மலையாளக் கடற்படையின் துணையையே நாடினான். 1591இல் அந்திரே பூர்த்தாடோ டி மெண்டோன்சா முதலில் அத்துணைக் கலங்களைக் கடலிலே அழித்தான். அதன்பின்னரே கொழும்புத்துறையில் இறங்கி நல்லூரைத் தாக்கினான். புவிராச பண்டாரம் கொல்லப்பட, எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் ஆதரவோடு அரியணையேறினான். 1600இல் இதே மெண்டோன்சா, இம்முறை சாமூதிரியுடனேயே கூட்டுச்சேர்ந்து, குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டக்கல்லையும் வீழ்த்தினான். குஞ்ஞாலி கோவையில் கொல்லப்பட்டார்.

எனவே, 1619இல் சங்கிலி குமாரன் தஞ்சை நாயக்கரின் துணையை வேண்டிநின்றபோது, அத்துணை கடந்துவரவேண்டிய கடல் பகைவர் கையிலிருந்தது. உட்பூசல் அரசை உள்ளிருந்து நலித்தது உண்மையே. ஆயின், அதையொத்த பூசல்களிருந்தும் சீதாவாக்கை மன்னர் உள்நாட்டை அரணாகக்கொண்டு நெடுங்காலம் போராட முடிந்தது. மூன்று புறமும் கடல்சூழ்ந்த குடாநாட்டுக்கு அத்தகைய பின்னிலம் போதியதாயில்லை. கடலே அதன் அரண். நூறு கலங்களுக்குரிய அரசு பிறர் கலங்களை எதிர்நோக்கும் நிலையை எய்தியபோதே அதன் விதி நிச்சயிக்கப்பட்டுவிட்டது. வேதாளை அதனை முதன்முதலில் உணர்த்திய களமாகும்.