அடைபட்ட வழியும் ஒரு சிறு குழாயும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். கிருமியால் கல்லீரல் அழன்று வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியக்கூடியது. பச்சிலைக்குப் பெயர் நிலைத்ததும் அதனாலேயே. ஆனால் முதியவர்க்கு வலியின்றி வரும் காமாலை வேறாக இருக்கலாம். மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, மேனியெங்கும் அரித்து, இரவுத் தூக்கம் பறிபோனால், பித்தநாளம் அடைபட்டிருக்கக்கூடும். கணையத்திலோ நாளத்திலோ எழும் புற்று அதனை நெரிப்பதுண்டு. அங்கே பச்சிலைக்குக் கொடுக்கும் வாரங்கள் இழந்த வாரங்களே.

அடைப்பாலும் காமாலை வரும் என்பது புதுச் செய்தியன்று. ஹிஜ்ரி 428இல் (1037) மறைந்த இப்னு சீனா, தம் ‘கானூன்’ நூலில் ‘யரகான்’ என்னும் இந்நோயை ஆராய்ந்து, பித்தவழி அடைபடுவதையும் அதன் காரணங்களுள் வைத்தார். யூனானி ஹகீம்கள் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர். ஆயினும் அடைப்பைக் கத்தியின்றித் திறக்க, அவருக்குப் பின் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. நெடுங்காலம் வயிற்றைக் கிழித்துப் பித்தத்திற்கு மாற்றுவழி அமைப்பதே முறை. நோயில் நலிந்த உடல் அதைத் தாங்க வேண்டுமே!

வழி ஒளியிலிருந்து பிறந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் இணைந்து கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவங்களைக் கடத்திக் காட்டியது 1954இல். 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் அவ்விழைகளைக் கொண்டு வளையும் உள்நோக்கியை ஆக்கினார். 1968இல் அமெரிக்காவில் பித்தநாள வாய்க்குள் உள்நோக்கி வழியே மருந்து செலுத்திப் படமெடுத்தனர். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அவ்வாயையே கீறி அகலப்படுத்தினர். பின்னர், 1979இல், இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணியாற்றிய நிப் சோஹேந்திரா, வாய்வழி செலுத்திய உள்நோக்கியினூடே ஒரு பிளாஸ்டிக் குழாயை அடைப்பைக் கடந்து நிறுத்தினார். தேங்கிய பித்தம் குடலுக்கு இறங்கிற்று. ‘ஸ்டென்ட்’ என்னும் இக்குழாயின் பெயர் ஆங்கிலேயப் பல் மருத்துவர் ஒருவருடையது என்பது ஒரு வேடிக்கை.

இக்குழாய் புற்றைக் கரைப்பதில்லை. “குணமாகாதெனில் எதற்கு?” என்று வீட்டார் கேட்பதில் நியாயமுண்டு. கட்டியை அறுத்தெடுக்க இயலுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. இயலாதெனில், குழாய் தருவது வேறு நன்மை: அரிப்பு அடங்கும், உறக்கமும் பசியும் திரும்பும், புற்றுக்கான மருந்து ஏற்றவும் உடல் இடங்கொடுக்கும். இரவெல்லாம் சொறிந்து களைத்தவர் அமைதியாய் இருந்து தொழுவது சிறிய காரியமா?

1994இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 204 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். சிகிச்சையினாலேயே இறந்தோர், அறுவைப் பிரிவில் நூற்றுக்குப் பதினால்வர். குழாய்ப் பிரிவில் மூவர். வாழ்ந்த காலத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் குழாய் வைத்தோருள் 36 பேருக்குக் காமாலை மீண்டது, அறுவையில் இருவருக்கே. குழாய் தூர்ந்துபோவதே அதன் குறை. விரியும் உலோகக் குழாய் இதற்கு மாற்றாக வந்தது. 1992இல் வெளிவந்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் பிளாஸ்டிக் குழாய் நடுவளவில் 126 நாளும், உலோகக் குழாய் 273 நாளும் திறந்திருந்தன. விலை மிகுதிதான்.

இன்று இச்சிகிச்சைக்குத் திருவண்ணாமலையார் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் கடந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். திரும்பும்போது, வைத்தது எவ்வகைக் குழாய், எந்நாளில் வைத்தது, மாற்ற வேண்டிய நாள் எது என்பவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னொரு நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால், அது குழாய் அடைபட்டதன் அறிகுறியாகலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.