நதிமூலம் பார்க்காத நகரம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். பெருகி ஓடும் ஆற்றின் தொடக்கத்தைத் தேடிப் போகிறவன் கடைசியில் ஏதோ ஒரு பாறை இடுக்கின் சேற்றுக் கசிவைத்தான் காண நேரும். ஆறு இப்போது என்னவாக இருக்கிறதோ அதைக் கொண்டு அதை மதிக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லாத தென்னாப்பிரிக்க நீரியல் அறிஞர் ஒருவர் ஏறக்குறைய இதையே தம் துறையின் கொள்கையாக முன்வைத்தார். லூகாஸ் வான் வூரென் என்பது அவர் பெயர். நீரை எடைபோட வேண்டியது அதன் தரத்தைக் கொண்டே அன்றி அதன் வரலாற்றைக் கொண்டு அன்று என்பது அவர் கருத்து. அக்கருத்தை நம்பி ஒரு தலைநகரம் 1968-ஆம் ஆண்டு முதல் தன் சாக்கடை நீரைத் தூய்மையாக்கித் தானே பருகி வருகிறது. நமீபியாவின் விந்தோக் அந்த நகரம்.

வரலாறு படிக்கும் பழக்கமுள்ள நமக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வரலாற்றைப் பார்க்காதே என்று சொல்லப்படும் இடத்தைக் கண்டால் அங்கேதான் பார்க்கத் தோன்றுகிறது.

வெந்நீர் ஊற்றுகளின் ஊர்

ஊரின் பழம்பெயர்களிலிருந்து தொடங்குவோம். நாவைச் சொடுக்கி ஒலிக்கும் கோயிகோயி மொழியில் இவ்வூருக்கு வழங்கிய பெயர் வெந்நீர் ஊற்றைக் குறிப்பது. ஹெரேரோ மக்கள் இதை ஆவி எழும் இடம் என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். நீரின் பெயரால் அழைக்கப்பட்ட ஊர்தான் இது. ஏறத்தாழ 1840-ஆம் ஆண்டில் யோங்கர் ஆப்பிரிக்கானர் என்ற தலைவர் தம் மக்களுடன் இங்கே குடியேறியதற்கும் அந்த ஊற்றுகளே காரணம். 1890-ல் ஜெர்மானியர் வந்து கோட்டை கட்டியதும் இதே இடத்தில்தான். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் தோற்ற பிறகு நாடு தென்னாப்பிரிக்காவின் ஆளுகைக்குள் சென்றது.

ஊற்றுகள் ஒரு சிற்றூருக்குப் போதுமானவை. தலைநகரத்துக்குப் போதுமானவை அல்ல. விந்தோக்கில் ஆண்டுக்குச் சராசரியாக 370 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஆனால் வெயில் குடித்துவிடக்கூடிய நீரின் அளவோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். அணை கட்டினால் மனிதர்களுக்கு முன்பாகச் சூரியன் குடித்துவிடும். வற்றாத ஆறு வேண்டுமென்றால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடக்கே ஒக்கவாங்கோ வரை போக வேண்டும். கடல் சற்று அருகில் இருக்கிறது என்றாலும் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான மேட்டுநிலத்தில் அமர்ந்திருக்கிறது. கடல்நீரை உப்பு நீக்கினாலும் அதை மலையேற்றிக் கொண்டுவர வேண்டும்.

1933-ல் ஏவிஸ் அணையும் 1958-ல் கோரியங்காப் அணையும் கட்டப்பட்டன. இரண்டும் சிறியவை, மழை பொய்த்த ஆண்டுகளில் இரண்டும் பொய்த்தன. நகரத்தில் ஆண்டு முழுவதும் தவறாமல் ஓடிய நீரோட்டம் ஒன்றே ஒன்றுதான். அது சாக்கடை.

1968

கழிவுநீரைத் திரும்பக் குடிக்கும் எண்ணம் அப்போது முற்றிலும் புதியதன்று. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் சனூட் என்ற சிற்றூர், கடும் வறட்சியில் தன் ஆறு வற்றிப்போகவே, 1956-57 குளிர்காலத்தில் சுத்திகரித்த சாக்கடை நீரையே மீண்டும் மீண்டும் சுழற்றிக் குடித்து ஐந்து மாதங்களைக் கடத்தியது. நோய் எதுவும் பரவவில்லை. ஆனால் நீர் வெளிர்மஞ்சளாக இருந்தது, குழாயில் நுரைத்தது, சுவையும் நன்றாக இல்லை. மழை பெய்ததும் ஊர் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அது ஆபத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. விந்தோக் செய்ததோ நிரந்தர ஏற்பாடு.

பிரிட்டோரியாவின் தேசிய நீர் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டாண்டர், வான் வூரென் முதலியோர் செய்துவந்த ஆய்வுகளின் பயனாக, கோரியங்காப் அணையருகே இருந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1968-ல் கழிவுநீரையும் குடிநீராக்கும்படி மாற்றி அமைக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 43 லட்சம் லிட்டர். கம்மாம்ஸ் என்ற இடத்திலிருந்த கழிவுநீர் நிலையத்தில் ஒருமுறை தூய்மையாக்கப்பட்ட நீர், குளங்களில் தேங்கி வெயிலில் முதிர்ந்த பின் இங்கு வந்து சேர்ந்தது. முதலில் பாசியை மிதக்கவிட்டு நீக்கினார்கள். அக்காலத்துச் சோப்புத்தூள்கள் எளிதில் சிதையாதவை. ஆகவே காற்றைச் செலுத்தி நுரை எழுப்பி, நுரையோடு சேர்த்து அவற்றை அகற்றினார்கள். பின்னர் வேதிப்பொருளிட்டுத் தெளியவைத்தல், குளோரின் இடுதல், மணலில் வடித்தல், கரியில் ஊறவிட்டு வாடையையும் நிறத்தையும் நீக்குதல் எனப் படிகள் தொடர்ந்தன.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருந்தது நிலையத்துக்கு வெளியே எடுத்த ஒரு முடிவு. வீடுகளின் கழிவுநீரும் தொழிற்சாலைகளின் கழிவுநீரும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும் என்று நகரம் விதித்தது. மனிதக் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. சாயத்தையும் உலோகத்தையும் செரிப்பவை அரிது. பிரித்து வைப்பதே தூய்மையின் முதற்படி என்பதை விந்தோக்கின் பொறியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பிரித்து வைப்பதில் அவர்களை ஆண்ட அரசும் தேர்ச்சி பெற்றிருந்தது. நிறவெறிச் சட்டப்படி விந்தோக்கின் கறுப்பின மக்கள் தாங்கள் வாழ்ந்துவந்த 'பழைய குடியிருப்பி'லிருந்து நகருக்கு வெளியே புதிதாக அமைக்கப்பட்ட இடத்துக்கு மாறும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் நகராட்சியின் பேருந்துகளையும் மதுக்கூடத்தையும் புறக்கணித்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1959 டிசம்பர் 10-ஆம் நாள் இரவில் காவல்துறை சுட்டதில் 11 பேர் இறந்தனர். மாற்றப்பட்ட இடத்துக்கு மக்கள் இட்ட பெயர் கட்டுட்டூரா. நாம் நிலைத்து வாழாத இடம் என்பது அதன் பொருள். எஞ்சியோரையும் அகற்றிப் பழைய குடியிருப்பை அரசு முற்றாக மூடியது 1968-ல். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரை நீக்கி, இந்நாடு இனி நமீபியா என அழைக்கப்படும் என்று அறிவித்தது.

நீரைப் பொறுத்தவரை வரலாற்றைப் பார்க்காதே, தரத்தைப் பார் என்றார்கள். மனிதரைப் பொறுத்தவரை தரத்தைப் பார்க்காதே, பிறப்பைப் பார் என்றார்கள். இரண்டையும் ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் செய்தார்கள். சாக்கடைக்குக் கிடைத்த நியாயம் அங்கே மனிதனுக்குக் கிடைக்கவில்லை. பொறியாளர்களின் சாதனையை இது சிறுமைப்படுத்துவதாகாது. அவர்கள் நின்ற இடம் எது என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை, அவ்வளவே.

நோய் எங்கிருந்து வந்தது?

இந்த நீரைக் குடித்தவர்கள் நலமாக இருந்தார்களா? 1974 முதல் 1983 வரையிலான பத்தாண்டுகளின் நோய்த் தரவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வயிற்றுப்போக்கு நோய்களுக்கும் மறுசுழற்சி நீருக்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்நோய்கள் மக்களின் சமூக, பொருளாதார நிலையைத்தான் பின்தொடர்ந்து சென்றன. நீரின் பிறப்பு யாரையும் நோயாளியாக்கவில்லை. மனிதரின் பிறப்பே அவர்களை நோயின் அருகில் வைத்தது.

1990 மார்ச் 21-ஆம் நாள் நமீபியா விடுதலை பெற்றது. 1992-ல் உள்ளாட்சித் தேர்தல்கள் நடந்தன. ஒரு வகையில் கோரியங்காப் நிலையத்தின் உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது எனலாம். 1968-ல் இந்நகரின் பெரும்பான்மை மக்களை யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. சாக்கடை நீரைக் குடிப்பது குறித்தும் கேட்டிருக்க முடியாது. இப்போதோ வாக்குரிமை பெற்ற மக்களின் நகரமன்றம் அமர்ந்திருக்கிறது. அந்நிய ஆட்சியின் எச்சம் என்று சொல்லி நிலையத்தை மூடியிருக்கலாம். அவர்கள் அதை விரிவாக்கினார்கள்.

1994-ல் நகரமன்றம் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கான விரிவான கொள்கையை ஏற்றது. அந்தப் பத்தாண்டுகளின் வறட்சியில் பழைய நிலையம் சில வேளைகளில் நகரின் தேவையில் 31 விழுக்காடு வரை தந்து காப்பாற்றியது. 2002-ல் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் திறனுள்ள புதிய நிலையம் பழையதன் அருகிலேயே எழுந்தது. இதில் ஓசோன் வாயு, இரும்புக் குளோரைடு, காற்றுக் குமிழிகளால் மிதக்கவிடுதல், மணல், மீண்டும் ஓசோன், இருவகைக் கரிப் படுகைகள், நுண்துளைச் சவ்வு, குளோரின் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் அமைந்துள்ளன. கலங்கிய குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைத்த நம் பாட்டிமாருக்கு, இரும்புக் குளோரைடு செய்யும் வேலை என்ன என்று விளக்க வேண்டியிராது. ஒரு தடை தவறினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும் என்பதே இவ்வமைப்பின் தத்துவம். நீரின் தரம் இடைவிடாது அளக்கப்படுகிறது. அளவு தவறினால் நிலையம் நகருக்கு நீர் அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். வெளிவரும் நீரும் தனியே குழாய்க்குச் செல்வதில்லை. அணைநீரோடும் நிலத்தடி நீரோடும் 35 விழுக்காட்டுக்கு மிகாமல் கலந்தே வழங்கப்படுகிறது.

கேட்பதும் கேளாததும்

பிற நகரங்களில் இதே கேள்வி எழுந்தபோது நடந்தவற்றை ஒப்பிட்டால் விந்தோக்கின் தனித்தன்மை விளங்கும். சிங்கப்பூர் 1974-ல் ஒரு சோதனை நிலையத்தைத் தொடங்கி, செலவும் நம்பகமின்மையும் கண்டு விரைவிலேயே மூடியது. சவ்வுத் தொழில்நுட்பம் மலிவான பிறகு மீண்டும் முயன்றது. 2002-ஆம் ஆண்டு தேசிய நாள் விழாவில் பிரதமர் கோ சோக் டோங்கும் அரங்கில் கூடியிருந்த பல்லாயிரம் மக்களும் 'நியூவாட்டர்' புட்டிகளை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள். 2003-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே பெரும்பகுதி ஆலைகளுக்கே செல்கிறது. வறண்ட காலங்களில் ஒரு சிறு பங்கு நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் 2006 ஜூலையில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அணைகள் வறண்டு கிடந்த ஆண்டு அது. வேண்டாம் என்றவர்களுக்கு நீரின் வேதியியல் புரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் சந்தேகித்தது நீரையா, அதைச் சுத்தம் செய்வதாகச் சொன்னவர்களையா என்று கேட்பதே பயனுள்ளது. வடிகட்டி நீரைத் தெளியவைக்கும். நம்பிக்கையைத் தெளியவைக்க அது போதாது.

குழாய் எட்டாத இடம்

கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ச்சியான கதை. ஆனால் 2017 டிசம்பரில் நமீபியாவில் கல்லீரல் அழற்சி 'ஈ' கொள்ளைநோயாக அறிவிக்கப்பட்டது. கழிவு கலந்த நீரால் பரவும் நோய் அது. அடங்குவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நாடு முழுவதும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய் முதலில் கடுமையாகத் தாக்கிய இடங்கள் விந்தோக்கின் விளிம்பில் தகரக் கொட்டகைகளால் ஆன குடியேற்றங்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் கோரியங்காப்.

உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகும் சுத்திகரிப்பு நிலையம் ஒருபுறம். அதே பெயர் கொண்ட குடியேற்றத்தில் போதிய கழிப்பறையும் நீரும் இல்லாத மக்கள் மறுபுறம். நிலையத்தின் நீரில் குறை ஏதும் இல்லை. சாக்கடைக் குழாயில் சேர்ந்த கழிவுதான் தூய நீராகத் திரும்பி வரும். குழாயே போடப்படாத வீட்டின் கழிவு மண்ணில் விழுந்து, நோயாக அந்த வீட்டுக்கே திரும்பி வரும். இரண்டும் மறுசுழற்சிதான்.

இந்தக் கதைக்கும் நம் ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. விந்தோக்கின் புதிய நிலையத்தை இயக்கப் பொறுப்பேற்ற கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர்களுள் ஒன்றான வாபாக், பின்னாளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்த அதே ஆண்டின் பிற்பகுதியில், கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கித் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பும் நிலையம் செயல்படத் தொடங்கியது. அதைக் கட்டியதும் இந்நிறுவனமே. இன்று ஆலைக்குச் செல்லும் நீர் என்றாவது வீட்டுக்கும் வரலாம். அப்போது நாமும் நதிமூலம் பார்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியின் முன் நிற்போம்.

நமக்கு அந்தக் கேள்வி புதியதன்று. ஊர்க்கிணறு என்றும் சேரிக்கிணறு என்றும் பிரித்து வைத்திருந்த நாட்டில், நீரின் வரலாறு என்பதற்கு அதை யார் கை மொண்டது என்பதே பொருளாக இருந்தது. தெளிந்த நீரைத் தீட்டு என்று ஒதுக்கிய நாம்தான், அதே கைகளைக் கொண்டு நம் மலக்குழிகளையும் அள்ளவைத்தோம். நவீன நிலையங்கள் எத்தனை எழுந்தாலும், சாக்கடைக்குள் மனிதரை இறக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

வான் வூரென் சொன்னது சரியே. நன்றாகத் தூய்மையாக்கப்பட்ட நீரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: அது யாரிடம் போய்ச் சேர்ந்தது? நதிமூலம் பார்க்காமல் இருக்கலாம். நதி போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.